நாய்க்கடியும் வெறிநோயும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வீடுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாலக்கோட்டுக்கு அருகே உள்ள என் சித்தி வீட்டில், சில ஆண்டுகளுக்கு முன் மாங்காய்ப் பருவத்தில், கறவை மாடு ஒன்று தீனியெடுக்காமல் நின்றது. வாயிலிருந்து எச்சில் கம்பியாக ஒழுகிக்கொண்டிருந்தது. தொட்டியில் வாயை வைத்தாலும் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. இடையிடையே, வழக்கத்தில் இல்லாத ஒரு கரகரத்த குரலில் கத்தியது. தோத்தாபுரித் தோப்புகள் சூழ்ந்த எங்கள் பக்கத்தில் மாங்கொட்டை தொண்டையில் சிக்கி மாடு திணறுவது எல்லோரும் பார்த்த சங்கதி. ஆகவே, "கொட்டைதான் அடைச்சிக்கிட்டிருக்குது" என்று சொல்லிக்கொண்டே சித்தி முந்தானையை இடுப்பில் செருகி, முழங்கை வரை மாட்டின் வாய்க்குள் கையை விட்டுத் துழாவினார். கொட்டை எதுவும் அகப்படவில்லை. மறுநாள் வந்த கால்நடை மருத்துவர் மாட்டைத் தொடுவதற்கு முன்பே, "இதன் வாயில் யார் யார் கை வைத்தீர்கள்?" என்று கேட்டார். ஒரு மாதத்துக்கு முன் இரவில் கொட்டகைக்குள் புகுந்த நாயைப் பற்றியும், அதற்கடுத்த நாள் மாட்டின் மூக்கோரம் தெரிந்த கீறலைப் பற்றியும் அப்போதுதான் பேச்சு எழுந்தது.

"என்னை நாய் எதுவும் கடிக்கலையே சார், எனக்கு எதுக்கு ஊசி?" என்று சித்தி கேட்டார். மாடு மூன்றாம் நாள் இறந்தது. ராகி அறுத்துக் காய்த்த கையில் கீறல்களோடு அதன் வாய்க்குள் துழாவிய சித்தி, எல்லாத் தவணை ஊசியையும் போட்டுக்கொண்டு இன்றும் மாடு வளர்க்கிறார்.

அவர் கேட்ட அந்தக் கேள்வியே இந்த வழிகாட்டியை எழுத வைத்தது. நாக்கைத் தொங்கவிட்டு நுரை தள்ளி ஓடும் நாயைக் கண்டால் நாம் எல்லோரும் ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் பழகிய நாயின் பல் பட்ட சிறு கீறலையும், குட்டி நாயின் நகம் கிழித்த கோட்டையும், எச்சில் ஒழுகும் மாட்டின் வாயையும் நாம் ஆபத்து என்று எண்ணுவதில்லை. அந்த அலட்சியம் மனத்தில் இருக்கும் வரை, மருந்து பக்கத்து ஊரிலேயே கிடைத்தாலும் அதைத் தேடிப் போகத் தோன்றாது.

முதலில் நோயின் வழி தெரிய வேண்டும்

வெறிநோய் ஒரு வைரஸால் வருவது. அது நோயுற்ற விலங்கின் எச்சிலில் இருக்கிறது. கடி, கீறல், புண், அல்லது கண், வாய், மூக்கின் ஈரமான உட்தோல் வழியாக நம் உடலுக்குள் புகுகிறது. காயமில்லாத தோலின் வழியே அது நுழைவதில்லை. உள்ளே புகுந்த வைரஸ் இரத்தத்தில் கலந்து பரவாமல், கடிபட்ட இடத்துத் தசையில் சில காலம் தங்கிப் பிறகு நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளையை நோக்கி ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதங்களுக்குள் நோய் வெளிப்படும். ஒரு வாரத்தில் வெளிப்பட்டதும் உண்டு, ஓராண்டு கடந்து வெளிப்பட்டதும் உண்டு. முகம், கழுத்து, தலை, கைவிரல் ஆகிய இடங்களில் நரம்புகள் அடர்ந்திருப்பதாலும், முகமும் கழுத்தும் மூளைக்கு அருகில் இருப்பதாலும், அங்கே படும் கடியில் நமக்குக் கிடைக்கும் அவகாசம் குறைவு.

கடித்த இடத்தில் மதமதப்பு, எரிச்சல், காய்ச்சல் என்று தொடங்கி, தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகுவதும், காற்று முகத்தில் பட்டால் உடல் உதறுவதுமாக நோய் முற்றும். அறிகுறி தோன்றிய பிறகு இந்நோயிலிருந்து பிழைத்தவர்கள் உலக அளவிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆனால் அந்த நிலைக்கு முன்பு, வைரஸ் நரம்பில் ஏறிக்கொண்டிருக்கும் காலத்திலேயே, சிகிச்சையை முறையாக முடித்தவர்களுக்கு நோய் வராமல் தடுத்துவிட முடியும். இவ்வளவு கொடிய நோய்க்கு இவ்வளவு நீண்ட அவகாசம் கிடைப்பது அரிது. அதைப் பயன்படுத்திக்கொள்வதற்கான படிகள்தான் கீழே வருபவை.

மனிதருக்கு வரும் வெறிநோயில் 99 விழுக்காடு வரை நாய்களால் வருகிறது என்றும், சந்தேகத்துக்குரிய விலங்குகளிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குழந்தைகளைப் பற்றிய அந்த எண்ணைப் படிக்கும் பெற்றோர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அடி விழும் என்றோ ஊசி போடுவார்கள் என்றோ பயந்து குழந்தைகள் கடியை மறைத்துவிடுகிறார்கள். "நாய் கடித்தாலும், பிராண்டினாலும், நக்கினாலும் வந்து சொல், திட்ட மாட்டேன்" என்று வீட்டில் ஒருமுறையாவது சொல்லி வையுங்கள். சொன்னபடி திட்டாமலும் இருங்கள்.

முதல் படி: குழாயடிக்குப் போங்கள்

கடித்தது எந்த நாய், யார் வீட்டு நாய் என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் வேலை, காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவுவது. வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்து வைரஸைச் செயலிழக்க வைக்கிறது. குளியல் சோப்பாக இருந்தாலும் துணி துவைக்கும் சோப்பாக இருந்தாலும் கிடைத்ததை எடுத்துக்கொள்ளலாம். தோட்டத்தில் இருந்தால் பம்புசெட்டுத் தண்ணீரில் காலைக் காட்டுங்கள். குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் சொம்பால் இடைவிடாமல் ஊற்ற, மற்றொருவர் கழுவ வேண்டும்.

பதினைந்து நிமிடம் என்பது நினைப்பதைவிட நீண்ட நேரம். வலியில் அழும் குழந்தையைப் பிடித்துக்கொண்டு கழுவுபவருக்கு மூன்றாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். கைப்பேசியில் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். காயத்தின் உள்ளே வரை தண்ணீர் போகட்டும். ஆனால் பிரஷ் கொண்டோ கல் கொண்டோ தேய்த்துக் காயத்தைப் பெரிதாக்கக் கூடாது. கழுவி முடித்ததும் பொவிடோன் அயோடின் இருந்தால் தடவலாம்.

செய்யக் கூடாதவற்றின் பட்டியல் நம் ஊர்களில் நீளமானது. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், மஞ்சள், காப்பித்தூள், மண்ணெண்ணெய், பச்சிலைச் சாறு ஆகிய எதையும் காயத்தில் வைக்கக் கூடாது; அவை திசுவைப் புண்ணாக்குவதோடு, காயத்தைக் கழுவுவதற்கும் மருந்து செலுத்துவதற்கும் தடையாகின்றன. பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோலக் கயிறு கட்டுவதாலும் பயனில்லை. காயத்தை இறுக்கிக் கட்டுப்போடாமல் திறந்தே வைத்து மருத்துவமனைக்கு வாருங்கள். மந்திரிப்பதற்குப் போகிறவர்களைத் தடுக்க முயன்று வீட்டில் சண்டை வளர்ப்பதைவிட, "ஊசி போட்டுவிட்டு அங்கேயும் போகலாம்" என்று சொல்வது பலன் தருவதை நான் பார்த்திருக்கிறேன். ஊசி முந்த வேண்டும். அதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாம் படி: அன்றே மருத்துவமனை, முழு விவரத்தோடு

தமிழ்நாட்டில் அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் நாய்க்கடித் தடுப்பூசி கட்டணமின்றிப் போடப்படுகிறது. பெரிய காயம், முகத்தில் காயம், பல இடங்களில் காயம் என்றால் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கே நேராகச் செல்வது நல்லது. சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி போன்ற மலைப்பகுதிகளில் இருப்பவர்கள், பேருந்துக்குக் காத்திருந்து ஒரு நாளை இழப்பதைவிட 108-ஐ அழைப்பதோ, முதலில் அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு மேல் சிகிச்சைக்குப் போவதோ புத்திசாலித்தனம்.

மருத்துவர் கடியை மூன்று வகையாகப் பிரிப்பார். விலங்கைத் தொட்டது, அதற்கு உணவு கொடுத்தது, காயமில்லாத தோலை அது நக்கியது ஆகியவை முதல் வகை. இதற்குக் கழுவினால் போதும், ஊசி தேவையில்லை. மூடாத தோலைப் பல்லால் நெருடியது, இரத்தம் வராத சிறு கீறல் அல்லது சிராய்ப்பு ஆகியவை இரண்டாம் வகை. இதற்குத் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்த கடி, இரத்தம் வந்த கீறல், ஏற்கெனவே புண் உள்ள தோலை நக்கியது, கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டது ஆகியவை மூன்றாம் வகை; இதற்குத் தடுப்பூசியுடன் இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டும். நரி, கரடி, காட்டுப்பூனை போன்ற காட்டு விலங்குகள் கடித்தால் காயம் சிறிதானாலும் மூன்றாம் வகையாகவே கொள்ள வேண்டும் என்பது இந்தியாவில் பின்பற்றப்படும் நெறி. காவிரிக் காட்டையொட்டி ஆடு மேய்ப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் நடுவே இருக்கும் கோடு ஒரு துளி இரத்தம். ஆகவே மருத்துவரிடம், "சும்மா கீறல்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாமல், இரத்தம் கசிந்ததா, எத்தனை இடம், எந்த விலங்கு, அதைப் பிறகு பார்க்க முடியுமா, முன்பு எப்போதாவது நாய்க்கடி ஊசி போட்டிருக்கிறீர்களா, வேறு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறீர்களா என்பவற்றைச் சொல்லுங்கள். சந்தேகமான கீறலில் சாராயம் கலந்த பஞ்சை வைத்தால் எரிந்தால் அது புண் என்று ஒரு வழக்கு உண்டு. அந்தப் பரிசோதனையை மருத்துவரிடமே விட்டுவிடுங்கள்.

எச்.ஐ.வி., புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற காரணங்களால் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கு இரண்டாம் வகைக் காயத்துக்கும் இம்யூனோகுளோபுலின் தேவைப்படும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இந்த ஊசிகளைத் தயங்காமல் போட்டுக்கொள்ளலாம். தாமதமாக வருவதற்கு வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடும் வழக்கமும் உண்டு. கடித்து ஒரு மாதம் ஆகியிருந்தாலும், அறிகுறி இல்லாத வரையில், இன்று போவது நாளை போவதைவிட மேல்.

மூன்றாம் படி: காயத்துக்குள் போடும் ஊசி

தடுப்பூசி போட்டதும் உடல் எதிர்ப்புப் புரதத்தை உருவாக்கத் தொடங்குகிறது. ஆனால் அது போதிய அளவை எட்ட ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியில் காயத்திலேயே வைரஸை மறித்து நிற்பதற்காக, வெளியில் தயாரித்த எதிர்ப்புப் புரதத்தை நேராகக் காயத்தின் உள்ளும் சுற்றிலும் செலுத்துகிறார்கள். இதை முதல் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுவது உத்தமம். முடியாவிட்டால் முதல் தடுப்பூசி போட்ட ஏழு நாளுக்குள் போட வேண்டும், அதற்குப் பின் போடுவதில்லை.

அளவு எடைக்கேற்ப மாறும். மனித இரத்தத்திலிருந்து எடுப்பது கிலோவுக்கு 20 அலகு, குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது கிலோவுக்கு 40 அலகு என்பது உச்ச வரம்பு. 50 கிலோ எடை உள்ளவருக்கு முறையே 1,000 அலகும் 2,000 அலகும் ஆகும். வலிக்கும் ஊசி இது. விரலில் கடித்திருந்தால் இன்னும் வலிக்கும். காயத்தில் குத்தச் சம்மதிக்காமல், "கையில் போட்ட ஊசியே போதும்" என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. மூன்றாம் வகைக் காயத்தில் அந்த ஊசியைத் தவிர்ப்பது, வேலியை அடைத்துவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். பெரிய காயங்களுக்கு உடனே தையல் போட மருத்துவர் மறுப்பதற்கும் காரணம் உண்டு: தைக்கும் ஊசி வைரஸை மேலும் ஆழத்துக்குக் கொண்டுபோகக்கூடும். தவிர்க்க முடியாத இடத்தில் இம்யூனோகுளோபுலின் செலுத்திச் சில மணி நேரம் கழித்துத் தளர்வாகத் தைப்பார்கள். டெட்டனஸ் ஊசியையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: தவணை தவறாமல் இருப்பது

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சில பெரியவர்களை விட்டுப் போகவில்லை. அந்தப் பழைய தடுப்பூசி ஆட்டின் மூளைத் திசுவிலிருந்து செய்யப்பட்டது. 1907-இல் தொடங்கிய குன்னூர் பாஸ்டர் நிறுவனம் அதை நெடுங்காலம் தயாரித்தது. அதன் பயன்பாடு இந்தியாவில் 2004-ஆம் ஆண்டோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது செல் வளர்ப்பில் செய்த தடுப்பூசி. கையில் போடுவது, வலி குறைவு.

அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் தோலுக்குள் போடும் முறையைப் பின்பற்றுகிறார்கள். ஒவ்வொரு தவணையிலும் இரண்டு தோள்பட்டைகளிலும் 0.1 மில்லிலிட்டர் வீதம், 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் நான்கு தவணை. தசையில் போடும் முறை என்றால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் ஐந்து தவணை. முதல் ஊசி போடும் நாள்தான் 0 நாள். கடித்த நாளைக் கணக்கில் கொள்வதில்லை. திங்கட்கிழமை முதல் ஊசி என்றால் வியாழன் இரண்டாவது, அடுத்த திங்கள் மூன்றாவது. பெரியவர்களுக்குத் தோள்பட்டையிலும், தசையூசி போடும் சிறு குழந்தைகளுக்குத் தொடையின் முன்பக்க ஓரத்திலும் போடுவார்கள். இந்த ஊசியை இடுப்புக்குக் கீழே பிட்டத்தில் போடக் கூடாது. அங்குள்ள கொழுப்பினால் அது சரியாக வேலை செய்யாது. யாராவது அங்கே போட முனைந்தால் மரியாதையாகவே மறுத்துவிடுங்கள்.

இருபத்தெட்டாம் நாள் தவணைதான் அதிகம் தவறுவது. காயம் ஆறி, நாயும் கண்ணில் படாமல் போய், ஓசூருக்கு வேலைக்கும் திரும்பிய பிறகு அந்த நாள் யாருக்கு நினைவிருக்கும்? தடுப்பூசிச் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, நான்கு தேதிகளையும் சுவரில் தொங்கும் நாள்காட்டியில் வட்டமிடுங்கள். வெளியூரில் இருந்தால் அங்குள்ள அரசு மருத்துவமனையில் சீட்டைக் காட்டி அடுத்த தவணையைப் போட்டுக்கொள்ளலாம். ஒரு தவணை தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால் போதும், ஆனால் நினைவு வந்த அன்றே போக வேண்டும். பத்தியம் எதுவும் கிடையாது. கறி, மீன், முட்டை, கத்தரிக்காய் எல்லாம் வழக்கம்போல் சாப்பிடலாம். களியும் கருவாட்டுக் குழம்பும் இல்லாமல் ஒரு மாதம் இருக்க வேண்டுமே என்று அஞ்சி ஊசியைத் தள்ளிப்போடுவது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம், ஆனால் அது நடக்கிறது.

முன்பே முழுத் தவணை போட்டவர்கள் மீண்டும் கடிபட்டால், 0, 3 ஆகிய இரண்டு நாள்களில் மட்டும் ஊசி போட்டால் போதும். அவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் தேவையில்லை. பழைய சீட்டைப் பத்திரமாக வைப்பதன் பலன் அதுதான். கால்நடைப் பணியாளர், நாய் பிடிக்கும் பணியாளர், நாய்கள் பல வளர்ப்பவர் ஆகியோர் கடிபடுவதற்கு முன்னரே 0, 7 ஆகிய நாள்களிலும், பிறகு 21 அல்லது 28-ஆம் நாளிலும் மூன்று ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

ஐந்தாம் படி: கடித்த விலங்கைப் பத்து நாள் பார்ப்பது

கடித்தது நாயோ பூனையோ ஆனால், அதைப் பத்து நாள் கண்காணிப்பது பயன்தரும். வெறிநோய் உள்ள நாயின் எச்சிலில் வைரஸ் வரத் தொடங்கிய சில நாள்களிலேயே அது நோயுற்று இறந்துவிடும். பத்து நாளுக்குப் பிறகும் நன்றாக உண்டு திரிந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இருந்திருக்காது. ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருப்பது பெரும் பிழை. ஊசியும் கண்காணிப்பும் ஒரே நாளில் தொடங்க வேண்டும். நாய் நலமாக இருந்தால், மீதித் தவணையைப் பற்றி மருத்துவரிடம் கேட்டு முடிவெடுக்கலாம். அதற்குள் மூன்று தவணை முடிந்திருக்கும், அது வீண் போகாது. இந்தப் பத்து நாள் கணக்கு மாட்டுக்கும் குரங்குக்கும் காட்டு விலங்குக்கும் பொருந்தாது.

தடுப்பூசி போட்ட நாய் என்று உரிமையாளர் சொன்னாலும், சீட்டைப் பார்த்து மருத்துவர் சொல்லும் வரை சிகிச்சையை நிறுத்தாதீர்கள். அதேபோல, சீண்டியதால் கடித்தது, குட்டி போட்டிருந்ததால் கடித்தது என்ற காரணங்கள் நாயைப் புரிந்துகொள்ள உதவும். நோய் இல்லை என்பதற்குச் சான்றாகா. கடித்த நாயை அடித்துக் கொன்றுவிட்டால் கண்காணிக்க ஒன்றுமே மிஞ்சாது என்பதையும் தடியெடுப்பவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டு நாய்க்கும் பூனைக்கும்

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. மாந்தோப்புக் காவலுக்கு இரவில் அவிழ்த்துவிடும் நாய்களுக்கு இது கட்டாயம். நரியோடும் ஊர் நாய்களோடும் மோதுபவை அவைதான். தோப்பு நாய் யாருக்குச் சொந்தம் என்று தெளிவில்லாமல், குத்தகைக்காரர் போட்டிருப்பார் என்று உரிமையாளரும், உரிமையாளர் போட்டிருப்பார் என்று குத்தகைக்காரரும் இருந்துவிடுவதே இங்கு வாடிக்கை. பூனையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. அதற்கும் அதே ஊசி உண்டு. உலக வெறிநோய் நாளான செப்டம்பர் 28-ஐ ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் முகாம்கள் நடப்பது வழக்கம். அதற்காகக் காத்திராமல் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

குட்டியைத் தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்க்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கூடுதல் கவனம் வேண்டும். மூன்று மாதத்துக்கு உட்பட்ட, தடுப்பூசி போடாத குட்டியின் பல்லும் நகமும் பெரிய நாயினுடையதைப் போலவே கணக்கில் கொள்ளத்தக்கவை. "பால்குடி மறக்காத குட்டிக்கு என்ன வெறி வரப்போகிறது?" என்று கேட்பவர்கள், அதன் தாயைக் கடித்தது எது என்று அறிந்திருக்க மாட்டார்கள்.

மாடு, ஆடு வளர்ப்போருக்கு

கன்றையோ ஆட்டையோ நாய் கடித்துவிட்டால், மனிதருக்குச் செய்வதுபோலவே சோப்பால் கழுவி, அன்றே கால்நடை மருத்துவரை அழையுங்கள். கடிபட்ட கால்நடைக்கும் 0, 3, 7, 14, 28 ஆகிய நாள்களில் தடுப்பூசி உண்டு. கழுவும்போது கையில் உறை இருக்கட்டும். கடித்த நாயின் எச்சில் காயத்தில் இன்னும் ஒட்டியிருக்கும். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணை அழைத்தால் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும்.

எச்சில் ஒழுகுவது, விழுங்க முடியாமை, குரல் மாறிக் கத்துவது, காரணமின்றிச் சுவரையும் கட்டுத்தறியையும் முட்டுவது, பின்னங்கால் தள்ளாடுவது ஆகிய குறிகளில் எது தெரிந்தாலும், வாய்க்குள் கை விடுவது கூடாது. மாங்கொட்டையாகவே இருந்தாலும் அதை எடுக்க மருத்துவர் வரட்டும். தனியே கட்டி, பிள்ளைகளை அண்டவிடாமல் வையுங்கள். அந்த மாட்டின் பாலைக் கறக்கவும் வேண்டாம், யாருக்கும் கொடுக்கவும் வேண்டாம். மாடு இறந்த பின்னர், அதன் பாலைக் காய்ச்சிக் குடித்த தெருவே திரண்டு மருத்துவமனைக்கு ஓடுவதுண்டு. காய்ச்சிய பாலால் நோய் பரவாது என்பதால் அந்தப் பதற்றம் தேவையில்லை. பச்சைப்பால் குடித்தவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். கண்டிப்பாக ஊசி வேண்டியவர்கள், மாட்டின் வாயில் கை வைத்தவர்களும், புண்ணுள்ள கையில் எச்சில் பட்டவர்களும்தான். தயக்கத்தால் வீட்டிலேயே இருந்துவிடுபவர்கள் பெரும்பாலும் அவர்களாகவே இருக்கிறார்கள். இறந்த மாட்டின் தோலை உரிக்கவோ இறைச்சியைப் பங்கிடவோ கூடாது. கையுறையோடு ஆழமாகக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும்.

சந்தையில் மாடு பிடிப்பவர்களுக்கு ஒரு சொல். குந்தாரப்பள்ளியிலோ போச்சம்பள்ளியிலோ பல்லைப் பிடித்து வயது பார்ப்பது வழக்கம். எச்சில் வடியும் மாட்டில் அந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம். விலை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும்.

கடிபடாமல் இருக்க

நாய் கடிப்பதற்கு முன் பெரும்பாலும் அறிவித்துவிட்டே கடிக்கிறது. உடல் விறைப்பது, உதடு மேலேறிப் பல் தெரிவது, காது பின்னே படிவது, அடித்தொண்டையில் உறுமுவது ஆகியவை அதன் அறிவிப்புகள். வாலாட்டும் நாய் எல்லாம் நட்பு நாயல்ல; வால் விறைத்து மேலே நின்று மெல்ல அசைந்தால் விலகிப் போங்கள். உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டிகளோடு இருக்கும் நாயையும், கட்டிப்போட்ட நாயையும் நெருங்கக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதுபோலச் சொல்லிப் பழக்குங்கள்.

நாய் துரத்தினால் ஓடக் கூடாது. மரம்போல நின்று, கைகளை உடலோடு ஒட்டி வைத்து, அதன் கண்ணை நேராகப் பார்க்காமல், அது முகர்ந்து விலகும் வரை பொறுத்திருக்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து முழங்காலை மடக்கி, பிடரியையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொண்டு அசையாமல் கிடக்க வேண்டும். இதை வாசலில் இரண்டு முறை விளையாட்டாகச் செய்து பார்த்த குழந்தைக்கு, வேண்டிய நேரத்தில் உடல் தானாகச் செய்யும்.

ஓசூர் ஆலைகளில் இரவுப் பணி முடித்து இருசக்கர வாகனத்தில் வருபவர்களுக்கு நாய்க்கடியைவிட, நாய்க்குப் பயந்து வேகமெடுத்து விழுவதே பெரிய ஆபத்து. வண்டியின் வேகத்தைக் குறைத்து, தேவையானால் நிறுத்திவிடுங்கள். ஓடும் சக்கரமும் காலும்தான் நாயைத் தூண்டுகின்றன, அவை நின்றதும் அதன் ஆர்வம் பெரும்பாலும் தணிந்துவிடும். காலை உயர்த்தி உதைக்க முயல்வது, கடிபடும் இடத்தை அதற்கு நீட்டிக் கொடுப்பதாகிவிடும்.

ஒகேனக்கல்லுக்குச் செல்பவர்கள் குரங்கைக் குரங்காகவே எண்ண வேண்டும். கையில் பாலித்தீன் பையோ, வறுத்த மீன் பொட்டலமோ, பிள்ளையின் கையில் பிஸ்கட்டோ இருந்தால் அது பறிக்க வரும். இழுத்துப் பிடிக்காமல் விட்டுவிடுங்கள். அதோடு படமெடுக்கக் கிட்டே போகாதீர்கள். அதைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரிப்பதுகூட அதற்குச் சவாலாகத் தெரியும். குரங்கு கடித்தாலும் பிராண்டினாலும் ஆற்றில் கழுவினேன் என்று விட்டுவிடாமல், சோப்புப் போட்டுக் கழுவி, பென்னாகரத்திலோ உங்கள் ஊரிலோ அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். எலியும் அணிலும் கடித்தால் வெறிநோய் வருவது மிக அரிது; இருந்தாலும் காயத்தைக் கழுவி மருத்துவரிடம் காட்டி, டெட்டனஸ் ஊசி பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தெரு நாய்களும் ஊராட்சியும்

ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் நோய் நாய்க்கு நாய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட கணக்கு. நாய்கள் மூலம் பரவும் வெறிநோயை 2030-க்குள் ஒழிப்பதற்கான தேசியச் செயல்திட்டம் 2021-இல் வெளியிடப்பட்டதும் இந்தக் கணக்கை நம்பித்தான். விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி தெரு நாய்களுக்குக் கருத்தடை செய்து, தடுப்பூசி போடுவது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. நாய்களைப் பிடித்து வேறு ஊர் எல்லையில் இறக்கிவிட்டு வருவதால், காலியான தெருவுக்கு ஊசி போடாத புது நாய்கள் வந்து சேர்கின்றன. நம் தொல்லையைப் பக்கத்து ஊருக்கு அனுப்பி, அவர்களுடையதை வாங்கிக்கொள்வதுதான் மிச்சம்.

கோழிக்கடை, கறிக்கடைக் கழிவு கொட்டும் இடங்களில் நாய்கள் கூட்டமாகச் சேர்ந்து வெறிகொண்டு சண்டையிடுகின்றன. கடிபட்ட பலரும் அந்த இடத்தைக் கடந்தவர்களாகவே இருப்பார்கள். கழிவை மூடிய தொட்டியில் போட வைப்பது உங்கள் தெருவினர் ஒரு வாரத்தில் செய்துவிடக்கூடிய வேலை. தெருவில் 40 நாய்கள் இருந்தால் அவற்றில் 28-க்கு ஊசி போட வேண்டும். எத்தனை நாய், எங்கெங்கே படுக்கின்றன, யார் சோறு வைக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி, ஊராட்சி அலுவலகத்திலும் கால்நடை மருந்தகத்திலும் மனுவோடு கொடுங்கள். முகாம் நாளன்று நாயைப் பிடித்துக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் அதற்குச் சோறு வைக்கும் கிழவிகளும் பிள்ளைகளும்தான்; அவர்கள் பெயர் அந்தத் தாளில் முதலில் இருக்கட்டும்.